ஆபத்துக் காலத்தில் மட்டும் திறக்கவும்

"சிரிச்சியா இல்லையா?"

"இல்லக்கா."

"சிரிச்ச. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எல்லாரும்தான் சிரிச்சாங்க."

"எல்லாரும் என் கூடப் பிறந்தவங்க இல்ல. நீ பிறந்தவ. அந்தப் பல்லைச் செஞ்சவளும் நீ, அது விழுந்தப்ப சிரிச்சவளும் நீ. போதும்டி. இனிமே என் வாசப்படியை நீ மிதிக்க வேணாம். உன் வாசப்படிக்கு நானும் வரமாட்டேன்."

மூன்று வருஷத்துக்கு முந்திய பேச்சு இது. அக்காவும் தங்கையும் கடைசியாகப் பேசிக்கொண்டது இதுதான் என்பதால் தங்கைக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது.

தங்கைக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. அக்காவின் மாமியாருக்கு மேல்வரிசைப் பல் அவள் கையால்தான் செய்யப்பட்டது. ஆசை ஆசையாகச் செய்தாள். அந்த அம்மாள் தன் மகனுக்குப் பதவி உயர்வு கிடைத்ததற்காக வைத்த விருந்தில், தான் சொன்ன நகைச்சுவைக்குத் தானே வாய்விட்டுச் சிரிக்க, மேல்வரிசை மொத்தமும் கழன்று எதிரே இருந்த சூப்புக் கிண்ணத்தில் விழுந்து இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. தங்கை பயந்துபோனாள். அவளுக்குப் பயம் வந்தால் சிரிப்பாகத்தான் வெளியே வரும், சின்ன வயதிலிருந்தே அப்படி. அது அக்காவுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கோபித்துக்கொண்டாளே என்பதுதான் தங்கையின் மனத்தாங்கல்.

அக்கா வீடு ஆற்றுக்கு மேற்கே, தங்கை வீடு கிழக்கே. வேலை மட்டும் மாறிக் கிடந்தது. தங்கையின் பல்கூடம் மேற்குக் கரையில், அக்கா பொட்டலம் கட்டும் பிஸ்கட் ஆலை கிழக்குக் கரையில். நடுவில் ஓடுவது ஒரே படகு. காலையில் அது தங்கையைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு அக்காவை ஏற்றிக்கொண்டு வரும். மாலையில் அக்காவை இறக்கிவிட்டுத் தங்கையை ஏற்றிக்கொள்ளும். இவர்கள் சண்டை ஆற்றுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு இரண்டு பேரையும் தினமும் இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தது.

ஏறுபலகையில் ஒருவரை ஒருவர் கடந்து போவார்கள். தோளும் தோளும் உரசும் அளவுக்குத்தான் அந்தப் பலகைக்கு அகலம். அக்கா ஆற்றைப் பார்ப்பாள், தங்கை தன் செருப்பைப் பார்ப்பாள். வீட்டுக்கு வா என்று கூப்பிட ஒரு வாக்கியம் தங்கையிடம் எப்போதும் தயாராக இருந்தது. பலகையில் கால் வைத்ததும் அது தொண்டைக்கு வரும், பல் வரைக்கும் வரும், அப்புறம் வந்த வழியே இறங்கிப் போய்விடும்.

"கேட்டுத்தான் பாரேன், என்ன ஆயிடப் போகுது?" என்பான் அவள் கணவன். ஃபேன் ரிப்பேர் செய்பவன்.

"வரமாட்டேன்னு சொல்லிட்டா?"

"இப்ப மட்டும் வந்துட்டாங்களாக்கும்?"

"இப்ப வரலைன்னா நான் கூப்பிடலன்னு அர்த்தம். கூப்பிட்டும் வரலைன்னா அதுக்கு அர்த்தமே வேற."

இதெல்லாம் ஃபேனுக்குள் வராத சங்கதி என்று அவன் மறுபடி ஸ்க்ரூவைத் திருகப் போய்விடுவான்.

இந்த நிலைமையில்தான் அந்த நாவல் வந்தது.

யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது ஜன்னலோர இருக்கைக்கு அடியில் லைஃப் ஜாக்கெட் பெட்டி உண்டு, அதற்குள் கிடந்தது. அட்டை இல்லை, முதல் சில பக்கங்கள் இல்லை, ஆகவே பெயரும் இல்லை. கதை ஏதோ ஒரு கிராமத்தில், மழைக்குக் காத்திருக்கும் ஒரு பெரிய வீட்டில், ஒரு சண்டையின் நட்டநடுவில் ஆரம்பித்தது. அண்ணன் தாழ்வயலை விற்க வேண்டும் என்கிறான், தம்பி கூடாது என்கிறான். அவர்கள் பெண்டாட்டிகள், ஓரகத்திகள் இருவரும் ஒரே அடுப்படியில் சமைக்கிறார்கள், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியதை எல்லாம் பின்கட்டுப் பசுவிடம் சாடையாகச் சொல்கிறார்கள். "ஏ பசுவே, உப்பை எடுத்தா எடுத்த இடத்துல வைக்கணும்னு சிலருக்குத் தெரியல பாத்தியா?" என்று ஒருத்தி சொன்னால், "பசுவே, உப்பு இருந்தாத்தானே வைக்கிறதுக்கு, கேட்டுச் சொல்லு" என்பாள் மற்றவள். பசு மென்றுகொண்டே இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்டுக்கொள்ளும்.

தங்கை வாய்விட்டுப் படிப்பாள். பக்கத்து இருக்கையில் குடை ரிப்பேர் செய்யும் குடைக்காரர், எதிரே கணக்கு டீச்சர், இன்னும் நாலைந்து பேர் காது கொடுப்பார்கள். "வித்துடாதடா மடப்பயலே!" என்று குடைக்காரர் கதைக்குள் இருக்கும் அண்ணனைப் பார்த்துக் கத்துவார். "கத்தாதீங்க, அவனுக்குக் கேக்காது" என்பார் டீச்சர். "கேக்கலைன்னாலும் சொல்றது நம்ம கடமை." கரை வந்ததும், பல் அச்செடுக்கும் இளஞ்சிவப்பு மெழுகில் ஒரு துண்டைப் பக்கத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் பெட்டியில் போட்டுவிடுவாள்.

எதிர்ப்பயணத்துக் கூட்டமும் அதே புத்தகத்தைப் படிக்கிறது என்பது இரண்டாம் நாளே தெரிந்துபோயிற்று. அவர்கள் அடையாளம் ஒரு கொண்டை ஊசி. அதன் முனையில் லேசாகப் பல் பதிந்திருந்தது. ஊசியைப் பல்லால் விரித்துத் தலையில் செருகும் பழக்கம் யாருடையது என்று தங்கைக்கா தெரியாது? அந்தப் பல்தடத்தை அவள் சின்ன வயதில் தன் முழங்கையிலேயே பார்த்திருக்கிறாள்.

அதிலிருந்து ஊசி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அவளுக்குப் பொழுது விடியவில்லை. ஒரு வாரம் ஊசி நகராமல் இருந்தபோது அக்காவுக்குக் காய்ச்சல் என்று தெரிந்துகொண்டாள். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு பக்கம் தாவியிருந்தபோது உடம்பு தேறிவிட்டது என்று தெரிந்துகொண்டாள். ஒருநாள் காலையில் மெழுகும் ஊசியும் ஒரே பக்கத்தில் இருந்தன. முன்னால் போய்க்கொண்டிருந்த அக்கா, இவள் வந்து சேரும்வரை வேண்டுமென்றே மேலே படிக்காமல் காத்திருந்திருக்கிறாள். அன்று தங்கை ஒரு வரியும் படிக்கவில்லை. தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள். "வெந்நீர் குடிங்க" என்றார் குடைக்காரர்.

இப்படியே போயிருந்தால் ஊசியும் மெழுகும் ஏதோ ஒரு அத்தியாயத்தில் இவர்களைச் சேர்த்துவைத்திருக்கும். ஆனால் படகை நடத்தும் நீர்வழிப் பயணக் கழகம் திடீரென்று கண் விழித்துக்கொண்டது.

கழகத்திலிருந்து ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். கால்சட்டை மடிப்பில் காய்கறி நறுக்கலாம். அவர் நேரே ஜாக்கெட் பெட்டிக்குப் போனார். மூடியைத் திறந்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஒண்ணு குறையுதே?"

 குறைந்த ஜாக்கெட் படகு டிரைவர் வீட்டில் கைக்குழந்தைக்குத் தலையணையாக இருந்தது. மற்றவையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பாதிக்கு நாடா கிடையாது, மீதியை எலி ருசி பார்த்திருந்தது. ஆனால் ஆய்வாளர் எண்ணத்தான் வந்திருந்தார், தொட்டுப் பார்க்க வரவில்லை.

"இது என்ன?"

"புத்தகங்க."

"லைஃப் ஜாக்கெட் பெட்டியில புத்தகத்துக்கு என்ன வேலை?"

டிரைவர் பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "அதுவும் உசிரைக் காப்பாத்துறதுதாங்க."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். ஆய்வாளரிடம் அதுவரை யாரும் நகைச்சுவை பேசியதில்லை, ஆகவே ஒன்று எதிரே வந்து நின்றால் அடையாளம் காண அவருக்கு வழி இல்லை. பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து உரக்கப் படித்தார்.

"உயிர்காப்புப் பெட்டியில் உயிர்காப்புச் சாதனங்கள் மட்டுமே இருத்தல் வேண்டும்." நிமிர்ந்தார். "இது பெட்டியில இருக்கு. அப்படின்னா இது உயிர்காப்புச் சாதனம்."

"அப்படிங்களா?"

"இல்லைன்னா பெட்டியில வேண்டாத பொருளை வெச்சதுக்கும், ஒரு ஜாக்கெட் குறைஞ்சதுக்கும் சேர்த்து உங்க வேலை போகும்."

"சாதனம்தாங்க" என்றார் டிரைவர். "ரொம்ப நல்ல சாதனம்."

எண்ணிக்கை சரியாகிவிட்டது. ஆய்வாளர் மனநிறைவோடு இறங்கிப் போனார்.

உயிர்காப்புச் சாதனம் என்று ஆனபிறகு அதற்கான மரியாதையைச் செய்யாமல் விடுவார்களா? அடுத்த வாரம் நாவலுக்கு ஆரஞ்சு நிற உறை போட்டார்கள். இருட்டில் மின்னும் பட்டை ஒட்டினார்கள். மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ள இரண்டு நாடா, ஒரு விசில். உள்ளே இருந்த ஊசியையும் மெழுகையும் 'சாதனத்தின் செயல்பாட்டுக்கு இடையூறான அந்நியப் பொருட்கள்' என்று உருவி எடுத்து, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். கடைசியில் கம்பி சுற்றி ஈயமுத்திரை வைத்து, மேலே எழுதினார்கள்: ஆபத்துக் காலத்தில் மட்டும் திறக்கவும்.

அதோடு தினமும் காலையில் செயல்விளக்கம். படகு புறப்பட்டதும் பணியாளர் ஒருவர் நடுவில் நின்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவார். "அன்பான பயணிகளே, படகு மூழ்கும் சமயத்தில் புத்தகத்தை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொள்ளவும். நாடாவை இறுக்கவும். தண்ணீரில் இறங்கிய பிறகே பிரிக்கவும். உங்கள் பக்கத்தைப் படித்து முடித்த பின் அடுத்தவருக்கு உதவவும்."

"பக்க அடையாளம் எதை வெச்சுங்க வைக்கிறது?" என்று கேட்டார் கணக்கு டீச்சர்.

"அது சுற்றறிக்கையில வரல மேடம்."

கதையோ மோசமான இடத்தில் நின்றிருந்தது. அண்ணன் தாழ்வயலை விற்கும் பத்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். குடைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "கையெழுத்துப் போட்டானா இல்லையான்னு தெரியாம நான் எப்படிம்மா நாலு குடைக்குக் கம்பி மாத்துவேன்? கை ஓடலையே!"

தங்கைக்குக் கவலை வயலைப் பற்றி அல்ல. அக்கா எப்படி இருக்கிறாள் என்று சொல்ல இப்போது ஊசி இல்லை. ஏறுபலகையில் அவள் முகம் கொஞ்சம் வாடியிருந்ததுபோல் இருந்தது. வெயிலா, காய்ச்சலா, வீட்டில் ஏதாவதா? யாரைக் கேட்பது? ஒருநாள் மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு கழக அலுவலகத்துக்குப் போனாள்.

துணை மேலாளர் அறையில் மீன்தொட்டி ஒன்று இருந்தது. அவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு மீன்களுக்கு இரை போட்டார்.

"சார், அந்தப் புத்தகம்..."

"தெரியும்மா. உங்க ஆதங்கம் எங்களுக்கு நல்லாவே தெரியும். ஆனா ஒண்ணு கேக்குறேன். தீயணைக்கிற சிலிண்டர் இருக்கு. அதுல தினம் செடிக்குத் தண்ணி ஊத்துவீங்களா?"

"மாட்டேன் சார். ஆனா இது கதைப் புத்தகம்..."

"உங்களுக்குக் கதை. எங்களுக்கு அது மிதவை. ஆபத்து இல்லாத நேரத்துல படிச்சுப் படிச்சுத் தேய்ச்சுட்டீங்கன்னா, நாளைக்கு ஒரு ஆபத்துன்னு வரும்போது அதுல என்ன மிச்சம் இருக்கும்? பொறுப்பு வேணும்மா. ஒவ்வொரு பயணியும் தன் சௌகரியத்தையே பாத்தா கழகம் யாரைத்தான் பாக்கும்?"

"கழகம் பயணிங்களைப் பாக்கலாமே சார்" என்றாள் அவள். வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

அவர் அதை ஆலோசனையாக எடுத்துக்கொண்டார். "நல்ல கருத்து! உங்களை மாதிரி அக்கறை உள்ளவங்கதான் எங்களுக்கு வேணும். கிழக்குக் கரைப் பயணியர் பிரதிநிதியா உங்களை நியமிக்கிறேன்."

"சார், நான் கேக்க வந்தது..."

"நன்றி எல்லாம் எதுக்கும்மா?" என்று எழுந்து கைகூப்பினார்.

வெளியே வரும்போதுதான் அவளுக்குப் புரிந்தது, தன்னை எதிலோ சேர்த்துவிட்டார்கள், எதுவும் தரவில்லை என்று. கணவனிடம் சொன்னாள். "பிரதிநிதின்னா என்ன செய்யணும்?" என்றான். "தெரியல. பேட்ஜ் மட்டும் குடுத்தாங்க." மேலும் கீழும் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு" என்றான்.

ஆபத்து வந்தால்தான் திறக்கலாம் என்றால் ஆபத்து வரவேண்டும். பயணிகள் மெல்ல மெல்ல ஆபத்துக்காக ஏங்க ஆரம்பித்தார்கள். வானம் கறுத்தால் டீச்சரின் முகம் மலரும். படகு கொஞ்சம் ஆடினால் போதும், எல்லோரும் நம்பிக்கையோடு பெட்டியைப் பார்ப்பார்கள். டிரைவரோ வாழ்நாளில் இல்லாத அளவுக்குப் பத்திரமாக ஓட்டினார். "நாசமாப் போறவன், ஒரு பாறையில கூட மோதமாட்டேங்குறானே" என்று குடைக்காரர் பல்லைக் கடித்தார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆய்வாளர் படகில் இருந்த ஒரு காலை வேளையில், துறையை நெருங்கும் சமயத்தில், குடைக்காரர் ஒரு குடையோடு ஆற்றில் குதித்துவிட்டார்.

"ஐயோ ஆபத்து! ஆபத்து! புத்தகத்தைத் திறங்க!"

ஆய்வாளர் பதறவில்லை. இந்த நாளுக்காகவே பிறந்தவர்போல முத்திரையை உடைத்தார். விசிலை ஊதினார். பயணிகள் எல்லோரும் ஒரு பக்கமாகக் குவிந்ததில் படகு நிஜமாகவே சாய்ந்தது, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அவர் டீச்சர் சொன்ன பக்கத்தைப் பிரித்து, ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் தண்ணீரைப் பார்த்துப் படித்தார்.

"அண்ணன் பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான்."

"அப்புறம்?" என்றார் குடைக்காரர் தண்ணீரிலிருந்து.

"பின்கட்டில் பசு கத்தியது. அவன்..." ஆய்வாளர் நிறுத்தினார். "நீங்க நின்னுக்கிட்டு இருக்கீங்க."

"ஆமா."

"தண்ணி உங்க இடுப்பளவுதான் இருக்கு."

"அதுக்கென்ன சார், மேல படிங்க! அவன் என்ன பண்ணினான்?"

"நிக்கிறவங்களுக்கு ஆபத்து கிடையாது" என்று சொல்லி ஆய்வாளர் புத்தகத்தை மூடிப் புதிய முத்திரை வைத்தார். குடைக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் குடையை விரித்துப் பிடித்தபடி நின்றதைப் பார்த்தவர்கள், அவர் அழுதார் என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் கழகத்துக்குப் போன அறிக்கை வேறு மாதிரி இருந்தது. சாதனம் முதல் முறையாக ஆபத்தில் பயன்படுத்தப்பட்டது, இரண்டே வரிகளில் ஒரு உயிர் காப்பாற்றப்பட்டது, காப்பாற்றப்பட்டவர் கண்ணீர் மல்கி மேலும் இரண்டு வரிகள் கேட்டார். தலைமை அலுவலகமே குலுங்கியது. இனிமேல் கிழிந்த ஜாக்கெட்டை மாற்ற வேண்டியதில்லை, ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் பதில் ஒரு புத்தகம் போட்டால் போதும் என்று முடிவானது. மற்றப் படகுகளில் சமையல் குறிப்பும் பழைய டெலிபோன் டைரக்டரியும் ஆரஞ்சு உறை போட்டுக்கொண்டு ஏறின. இதைப் பிரகடனம் செய்ய மேற்குக் கரைத் துறையில் ஒரு விழா. தலைவரே நேரில் வருகிறார். அவர் முன்னிலையில் நாவலை ஆற்றில் போட்டு மிதப்புச் சோதனை.

இரண்டு கரைப் பிரதிநிதிகளும் மேடையில் இருக்கவேண்டும் என்றார்கள். தங்கை பேட்ஜைக் குத்திக்கொண்டு போனாள். மேடையில் ஆய்வாளருக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி அவளுக்கு. அந்தப் பக்க நாற்காலியில் மேற்குக் கரைப் பிரதிநிதி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அக்கா.

அவளும் புத்தகம் கேட்டு அலுவலகம் போயிருக்கிறாள், அவளையும் பேட்ஜ் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பது பார்த்தவுடனே விளங்கியது. தங்கை போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா நேராக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஆய்வாளர் விறைப்பாக இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்காதான் ஆய்வாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், சிலர் இளைச்சுப் போயிருக்காங்க. வேலை வேலைன்னு வேளைக்குச் சாப்பிடறதில்ல போலிருக்கு."

"குறிச்சுக்கிறேன்" என்றார் ஆய்வாளர்.

தங்கையும் ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "சார்," என்றாள் மெல்ல, "சிலருக்கு மட்டும் முகம் வாடிக் கிடக்கலாமாம். காய்ச்சல் வந்தா வைத்தியர்கிட்ட போகணும்னு யாராவது சொல்லலாம்."

"அது காய்ச்சல் இல்ல சார். மாமியாருக்கு முடியல, ராத்திரி தூக்கம் இல்ல. அவ்வளவுதான்."

"ஐயோ, என்னாச்சாம் சார்?"

"மூட்டு வலி சார். மத்தபடி நல்லாத்தான் இருக்காங்க. அதே பல்லைத்தான் போட்டுக்கறாங்க. வேற பல் செஞ்சுக்கலாம்னாலும் வேணாம்ங்கிறாங்க. 'எனக்குக் கோபமே இல்லையே, நீங்க ரெண்டு பேரும் எதுக்குடி முறைச்சுக்கிட்டு இருக்கீங்க'ன்னு கேக்குறாங்க."

ஆய்வாளர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, வாயை அசைபோட்டபடி குறித்துக்கொண்டார். "பல்லு பாதுகாப்பு விதிக்குள்ள வராதும்மா, இருந்தாலும் மேலிடத்துக்கு எடுத்துச் சொல்றேன்." கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த குடைக்காரர் டீச்சரின் காதில், "பசுவைப் பாத்தீங்களா?" என்றார். டீச்சருக்குப் புரையேறிவிட்டது.

தலைவர் மைக்கின் முன்னால் நின்றார்.

"பெரியோர்களே! இந்த மாபெரும் நூல் நம் படகில் ஏறிய நாளிலிருந்து ஒருவர்கூட ஆற்றில் மூழ்கவில்லை. அதற்கு முன்பும் யாரும் மூழ்கவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது தற்செயல். இது திட்டம். நான் இந்த நூலைப் படித்தது கிடையாது. பெருமையோடு சொல்கிறேன், எங்கள் கழகத்தில் யாருமே படித்தது கிடையாது. படிக்காமலேயே இதன் பயன் எங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. ஜாக்கெட்டுகள் கிழிந்திருப்பதாகப் புகார் வந்தது. நாங்கள் உடனே நடவடிக்கை எடுத்தோம். இன்று ஜாக்கெட்டே இல்லை, ஆகவே கிழிசலும் இல்லை. நான் போன மாதம் இதே ஆற்றைக் கடந்தேன், பாலத்தின் வழியாகக் காரில். எனக்கு எந்த ஆபத்தும் நேரவில்லை. ஏன்? கீழே படகில் இந்தப் புத்தகம் இருந்தது!"

கைதட்டல் அடங்கியதும் நாவலை இரு கையாலும் உயரத் தூக்கி ஆற்றில் போட்டார்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆரஞ்சு உறை ஒரு கணம் மேலே நின்றது. விசில் ஒரு குமிழி விட்டது. பிறகு புத்தகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கீழே போக ஆரம்பித்தது.

"மூழ்குது" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"மூழ்குவது உண்மை" என்றார் ஆய்வாளர் தலைவரின் காதில். "ஆனா நிதானமா மூழ்குதுங்க. பதற்றமே இல்ல."

"அதைக் குறிச்சுக்குங்க" என்றார் தலைவர்.

"ஐயோ, வயல்!" என்று குடைக்காரர் சட்டையோடு பாய்ந்தார். இந்தத் தடவை அவரை யாரும் காப்பாற்ற முயலவில்லை. அவர் முங்கி, தடவி, உறையைப் பிடித்து இழுத்து வந்தார். ஆனால் பழைய பசை கரைந்து புத்தகம் தாள்தாளாகப் பிரிந்துவிட்டிருந்தது. டிரைவர் ஓடிப்போய் வலையைக் கொண்டுவந்து மிதந்த தாள்களை அள்ளினார். பயணிகள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த அலங்காரக் கொடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்தக் கயிற்றிலேயே தாள்களைப் பக்க எண் பார்த்து ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார்கள்.

பிறகு அந்தக் காட்சி ஆரம்பித்தது. விழாவுக்கு வந்த இரண்டு கரைக் கூட்டமும் கயிற்றின் ஓரமாக வரிசையில் நகர்ந்தது. ஒரு தாளின் முன்பக்கத்தைப் படித்துவிட்டு, குனிந்து அந்தப் பக்கம் போய்ப் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, மறுபடி இந்தப் பக்கம் வந்து அடுத்த தாளுக்கு. "பேனாவைக் கீழ போட்டுட்டான்!" என்று எங்கிருந்தோ குடைக்காரரின் குரல் கிளம்பியது. "கையெழுத்துப் போடலடா டேய்!" முன்னால் இருந்தவர்கள் கைதட்ட, பின்னால் இருந்தவர்கள், "சொல்லாதய்யா, நாங்க இன்னும் அங்க வரல" என்று கத்தினார்கள்.

ஆய்வாளர் வரிசையோடு ஓடினார். "ஈரமான சாதனத்தைப் படிக்கக் கூடாது! காஞ்சதும் சேர்த்து முத்திரை வைக்கணும்!" அவரை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

தங்கை ஒரு தாளின் முன்னால் நின்றாள். ஓரகத்திகள் வரும் இடமா, மழை வரும் இடமா என்று தெரியவில்லை, எழுத்து கண்ணில் நிற்கவில்லை. தாளுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். தாளுக்குக் கீழே பழகிய இரண்டு கால்கள். ஈரத் தாள் வெயிலில் ஊடுருவித் தெரிந்தது, அந்தப் பக்கத்து நிழலின் தலை அசைவதும் தெரிந்தது. நிழல் படித்து முடித்துவிட்டது. முடித்தும் நகரவில்லை.

மேடையில் தலைவர் மைக்கைத் தட்டினார். கூட்டம் கையைவிட்டுப் போனால் கடைசி ஆயுதமாகப் பயன்படுத்துவது என்று அவரிடம் ஒன்று உண்டு.

"பயணிகளின் குரலுக்கு என்றுமே செவிசாய்ப்பது நம் கழகம்! இதோ, கிழக்குக் கரைப் பிரதிநிதி பயணிகள் சார்பில் ஒரு கோரிக்கை வைப்பார். ஒன்றே ஒன்று. கழகம் அதை உடனடியாகப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளும்."

ஆய்வாளர் இன்னொரு மைக்கை நீட்டிக்கொண்டு கயிற்றோரம் ஓடி வந்து அவள் கையில் திணித்தார். "சுருக்கமா கேளுங்க."

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. என்ன கேட்கவேண்டும் என்று எல்லோரும் காலையிலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முத்திரை வேண்டாம், விசில் வேண்டாம், புத்தகத்தை எங்களிடமே விட்டுவிடுங்கள். டீச்சர் தூரத்திலிருந்து உதட்டசைத்து எடுத்துக்கொடுத்தார்.

தங்கைக்குப் பயம் வந்தது, கூடவே எப்போதும்போலச் சிரிப்பும் கிளம்பியது. அதை அடக்க அவள் முயலவில்லை. சிரித்துக்கொண்டே, கண்ணில் தண்ணீரோடு, எதிரே தொங்கிய தாளைப் பார்த்து மைக்கில் பேசினாள். இரண்டு கரைக்கும் கேட்டது.

"அக்கா... எங்க வீட்டுக்கு வாயேன்க்கா. இன்னிக்கே வா."